சைக்காலஜி பட்டம்: எதுவரை கொண்டுபோகும், எங்கே நின்றுவிடும்?

2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அந்த ஆண்டின் ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல் உள்ளிட்ட சில பாடங்களைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்பது சாரம். அதற்கு முன்பே எம்.பில். பட்டத்துக்கு முடிவுரை எழுதியாகிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவே, 2025 ஜூலையில், நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒரு செய்தி வழியை அடைக்கிறது, ஒன்று பட்டத்தையே எடுத்துவிடுகிறது, இன்னொன்று வேலை இருக்கிறது என்கிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. சைக்காலஜி விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கும் மாணவிக்கும் அவர் வீட்டுக்கும் குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்று செய்திக்கும் அடியில் இருக்கும் விஷயம் ஒன்றுதான்: இந்தத் துறையில் பட்டம் வேறு, தொழில் செய்யும் உரிமை வேறு.

## யார் யார், என்ன படித்தவர்கள்

பேச்சில் எல்லாரையும் "சைக்காலஜிஸ்ட்" என்றோ "மனநல டாக்டர்" என்றோ சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1. மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் எம்.டி. மனநல மருத்துவம் மூன்று ஆண்டு படித்தவர். மருந்து எழுதும் அதிகாரம் இவருக்கு உண்டு. உளவியல் பட்டத்தின் வழியாக இந்த இடத்துக்குப் போக முடியாது.

2. மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். உளவியலில் முதுநிலை முடித்து, மருத்துவமனையில் மேற்பார்வையோடு கூடிய பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்தவர். மதிப்பீட்டுச் சோதனைகள் செய்வார், உளச்சிகிச்சை அளிப்பார். மருந்து எழுத மாட்டார்.

3. ஆலோசக உளவியலாளர், கவுன்சலர். பெரும்பாலும் எம்.எஸ்சி. சைக்காலஜி அல்லது எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுநிலை) படித்தவர். பள்ளி, கல்லூரி, தொண்டு நிறுவனம், அரசுத் திட்டம் என்று பல இடங்களில் வேலை. இவர்களுக்கென்று கறாரான பதிவு முறை இதுவரை இருந்ததில்லை. அதனால்தான் மூன்று மாத டிப்ளமோ வாங்கியவர்கூட வாசலில் பலகை மாட்ட முடிகிறது.

4. மனநல சமூகப் பணியாளர். சமூகப் பணி படித்துவிட்டு இந்தப் பக்கம் வருபவர். இவரை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், உளவியல் படித்தவருக்கு வேலைச் சந்தையில் முதல் போட்டியாளர் இவர்தான்.

மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் முடித்தவர் இந்த நான்கில் எதிலுமே வரவில்லை. பட்டதாரி, அவ்வளவுதான். இதைக் கல்லூரி விளம்பரங்கள் சொல்வதில்லை.

## பதிவு தருவது யார்?

இதை முடிவு செய்பவை மூன்று சட்டங்கள். முதலாவது, 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை செய்யும் தொழில்வல்லுநர்களுக்கான சட்டம் இது. மருத்துவ உளவியலாளர்கள் இதற்குள் வருகிறார்கள். கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்தால் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறும், எண் கிடைக்கும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு இன்றைக்கு யார் பயப்படுவார்கள் என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுத்திருப்பது இது. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த நிறுவனத்தில் மருத்துவ உளவியல் தகுதி பெற்றிருக்க வேண்டும். அல்லது உளவியலில் முதுநிலையோடு, மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.பில். முடித்திருக்க வேண்டும். அதுவும் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். எம்.எஸ்சி. மட்டும் போதாது என்பது இங்கேயே தெளிவாகிவிடுகிறது.

மூன்றாவதுதான் இப்போதைய குழப்பத்துக்குக் காரணம். துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021. பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி, டயாலிசிஸ் தொழில்நுட்பம் போன்றவற்றோடு, நடத்தைசார் சுகாதார அறிவியல் என்ற பிரிவில் உளவியலாளர்களையும் இந்தச் சட்டம் சேர்த்துக்கொண்டது. ஆர்.சி.ஐ.யின் கீழ் வரும் மருத்துவ உளவியலாளர்கள் மட்டும் விலக்கு. அதாவது இதுவரை கேட்பாரற்று இருந்த மூன்றாவது வகைக்கு, கவுன்சலர்களுக்கு, ஒரு பதிவேடு வரப்போகிறது. 2025 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் பத்துத் துறைகளுக்கான மாதிரிப் பாடத்திட்டங்களை வெளியிட்டது. பயன்பாட்டு உளவியலும் நடத்தைசார் சுகாதாரமும் அதில் ஒன்று.

உளவியல் சுகாதாரத் தொழில் ஆகிவிட்டால், அதைத் தபாலில் பாடம் அனுப்பிக் கற்றுத்தர முடியாது. தொலைதூரத் தடை பிறந்தது இப்படித்தான்.

### ஒரு சின்னக் கணக்கு

சுகாதாரத் தொழில்வல்லுநர் என்று சொல்ல, குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும், அது மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள் பரவியிருக்க வேண்டும் என்கிறது 2021 சட்டம். நம்மூர் கலை அறிவியல் கல்லூரியில் ஆண்டுக்கு 180 வேலை நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் வகுப்பு. ஆண்டுக்கு 900 மணி. மூன்று ஆண்டுக்கு 2,700. அதுவும் தமிழ், ஆங்கிலம், துணைப்பாடம் எல்லாம் சேர்த்து. 900 மணி குறைகிறது, அதாவது சரியாக ஓராண்டு.

இது என் தோராயக் கணக்கு, ஆணையத்தின் கணக்கு அல்ல. பழைய பட்டதாரிகளை எப்படிச் சேர்த்துக்கொள்வார்கள் என்பதற்குத் தனி விதிகள் வரும். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது இதில் தெரிகிறது: மூன்றாண்டு பொதுப் பட்டத்தைத் தொழில் தகுதியாக ஏற்கும் காலம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது சேரும் மாணவர், "இந்தப் பாடத்திட்டத்தை ஆணையத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தோடு பொருத்தும் திட்டம் இருக்கிறதா?" என்று துறைத் தலைவரிடமே கேட்டுவிடலாம். கேள்வியே புரியாமல் விழித்தார் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

## எம்.பில். என்ன ஆனது?

2020 தேசியக் கல்விக் கொள்கை எம்.பில். வேண்டாம் என்றது. 2022 நவம்பரில் வந்த பிஎச்.டி. விதிமுறைகள் அதை நடைமுறைப்படுத்தின. 2023 டிசம்பரில், எம்.பில்.லில் சேராதீர்கள் என்று மாணவர்களையே மானியக் குழு எச்சரித்தது.

மற்ற பாடங்களில் எம்.பில். ஆராய்ச்சிக்கான ஒரு படிக்கட்டு. எடுத்துவிட்டால் பெரிய நஷ்டமில்லை. மருத்துவ உளவியலில் அது தொழில் உரிமத்துக்கான படிப்பு. பெயர் மட்டும்தான் எம்.பில்.; உள்ளே நடப்பது இரண்டு ஆண்டு வார்டு வேலை. புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து கேஸ் ஹிஸ்டரி எடுப்பது, நுண்ணறிவுச் சோதனை நடத்துவது, மேற்பார்வையாளர் முன்னால் அறிக்கையைப் படித்துத் திட்டு வாங்குவது, திருத்தி எழுதுவது. இதை நிறுத்தினால் நாட்டில் மருத்துவ உளவியலாளர் உருவாகும் முக்கிய வழியே நின்றுபோகும். ஆகவே 2024 ஜனவரியில் மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு அவகாசம் தரப்பட்டது. அதற்குள் சேர்ந்தவர்களின் பட்டம் செல்லும்.

அதற்கு அடுத்து? எம்.பில். இடத்தை நிரப்ப, இளநிலையிலிருந்தே தொடங்கும் மருத்துவ உளவியல் படிப்புகளையும் முதுநிலைப் படிப்புகளையும் ஆர்.சி.ஐ. கொண்டுவந்திருக்கிறது. சை.டி. என்னும் தொழில்முறை முனைவர் பட்டமும், ஓராண்டுத் தொழில்முறை டிப்ளமோவும் ஏற்கெனவே உண்டு. டிப்ளமோ முடித்தவர் இணை நிலை மருத்துவ உளவியலாளராகத்தான் பதிவாவார், முழு நிலையில் அல்ல. இந்த வேறுபாட்டைச் சேர்க்கை அலுவலகத்தில் இருப்பவர் சொல்லவில்லை என்றால் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆக, இப்போது பிளஸ் டூ முடிக்கும் ஒருவர் ஏழு ஆண்டு கழித்து எந்தப் பெயருள்ள படிப்பின் வழியாக உரிமம் பெறுவார் என்பது மாறிக்கொண்டிருக்கும் விஷயம். மாறாதது ஒன்று உண்டு. முதுநிலை மட்டத்தில், ஆர்.சி.ஐ. ஒப்புதலுடன், மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்த்த காலம் வேண்டும்.

## "கிளினிக்கல்" என்று பெயர் வைத்தால் போதுமா?

இங்கேதான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள்.

எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி என்ற பெயரில் பல தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் படிப்பு நடத்துகின்றன. பட்டம் உண்மையானது, பல்கலைக்கழகமும் உண்மையானது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு ஆர்.சி.ஐ. ஒப்புதல் இல்லை என்றால், முடித்தவர் மருத்துவ உளவியலாளர் அல்ல. பிஎச்.டி. வாங்கினாலும் இந்தக் குறை தீராது. பெயருக்கு முன்னால் முனைவர் வரும், பதிவு எண் வராது.

வேறுபாடு நடைமுறையில் எங்கே கடிக்கும் என்று பார்ப்போம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டியிருக்கிறது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்க அவனுக்கு அறிக்கை வேண்டும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்குக் கீழே பெயர், தகுதி, அதற்கும் கீழே "ஏ" என்ற எழுத்தில் தொடங்கும் ஆர்.சி.ஐ. பதிவு எண் இருக்கும். அந்த எண்தான் முதலில் பார்க்கப்படும். எண் இல்லாத அறிக்கை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் சான்றிதழ் வேலைக்கு உதவாது. மருத்துவமனை ஆள்சேர்ப்பிலும் இதே கதைதான்: விண்ணப்பத்தில் பதிவு எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தால் அதோடு சரி.

சரிபார்ப்பது கஷ்டமில்லை. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. மூன்றைப் பாருங்கள்: நிறுவனத்தின் பெயர் மட்டுமல்லாமல் படிப்பின் பெயர் இருக்கிறதா, ஒப்புதல் எந்தக் கல்வியாண்டு வரை, எத்தனை இடங்களுக்கு. ஒப்புதல் என்பது ஒருமுறை வாங்கி மாட்டிவைக்கும் பட்டயம் அல்ல, காலவரையறை உள்ளது. "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

## தேவை வேறு, வேலை வேறு

"மனநலப் பிரச்சினைகள் பெருகிவிட்டன, ஆகவே சைக்காலஜிக்கு எதிர்காலம் இருக்கிறது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாதி உண்மை.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது தெரிந்தது. சிகிச்சை கிடைக்காமல் இருந்தவர்களின் பங்கு, பாதிப்பின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம். தேவை இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் தேவை தானாகச் சம்பளமாக மாறாது. நடுவில் யாராவது பணம் கொடுக்க வேண்டும். மூன்று பேர் கொடுக்கலாம்: அரசு, முதலாளி, நோயாளியின் குடும்பம். அரசு கொடுப்பது பெரும்பாலும் தொகுப்பூதிய, ஒப்பந்தப் பணி. முதலாளி என்று பார்த்தால் பெருநகர ஐ.டி. நிறுவனங்களும் பெரிய மருத்துவமனைகளும் பள்ளிகளும். குடும்பம் கொடுப்பது, மாத்திரைக்கே யோசிக்கிற வீட்டில், "பேசுறதுக்கு ஆயிரம் ரூபாயா?" என்ற கேள்வியைத் தாண்டி வர வேண்டும்.

தனியாகத் தொழில் செய்வதன் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். அமர்வுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அமர்வு முக்கால் மணி முதல் ஒரு மணி. குறிப்பு எழுதும் நேரம் தனி. நாளுக்கு நான்கு அமர்வு, மாதம் 25 நாள் என்றால் 80,000. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் புதிதாகத் தொடங்கியவருக்கு நாளுக்கு ஒன்றிரண்டு பேர் வருவதே பெரிய விஷயம். வருகிறேன் என்றவர் வராமல் போவதும் உண்டு. பாதி நிரம்பினால் 40,000, அதில் அறை வாடகை, சோதனைக் கருவிகள், மூத்தவரிடம் மேற்பார்வைக்குக் கட்டும் பணம் எல்லாம் போக வேண்டும். டாக்டர் மாதிரி ஒரு மாலையில் ஐம்பது பேரைப் பார்த்துவிட முடியாத தொழில் இது. வருமானத்தின் உச்சவரம்பு நேரத்தால் கட்டப்பட்டது.

## சரி, எங்கேதான் வேலை?

இளநிலையோடு நிறுத்துபவருக்கு "ஏதாவது ஒரு டிகிரி" கேட்கும் எல்லா வழியும் திறந்திருக்கிறது: டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, மனிதவளத் துறையில் ஆள்சேர்ப்புப் பணி, தொண்டு நிறுவனக் களப்பணி, சிறப்புப் பள்ளிகளில் உதவியாளர். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் உளவியல் விருப்பப் பாடமாக இருக்கிறது. இவை எதற்கும் உளவியல் கட்டாயம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதுநிலை முடித்தால் படம் மாறுகிறது.

குழந்தைகள் பாதுகாப்பு ஒரு பெரிய வட்டாரம், நம் கல்லூரிகள் அவ்வளவாகப் பேசாத வட்டாரமும்கூட. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) பணி இருக்கிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கொடுங்குற்றத்தில் சிக்கிய 16 முதல் 18 வயதுச் சிறாரைப் பற்றி இளைஞர் நீதி வாரியம் முதல்நிலை மதிப்பீடு செய்யும்போது அனுபவமுள்ள உளவியலாளர்களின் உதவியைப் பெறலாம் என்கிறது. அந்தப் பையனைப் பெரியவர் போல விசாரிக்கலாமா என்ற முடிவு அதைத் தொட்டு நிற்கிறது. இவ்வளவு கனமான பொறுப்பு, ஆனால் இதற்கென்று தனிப் பயிற்சி தரும் முதுநிலைப் படிப்பு அரிது.

சுகாதாரத் துறையில் மாவட்ட மனநலத் திட்டம், எச்.ஐ.வி. ஆலோசனைக்கான நம்பிக்கை மையங்கள், குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 14416 டெலி மானஸ் தொலைபேசி ஆலோசனைச் சேவை. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சகி மையங்களிலும் ஆலோசகர்கள் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்தம், புதுப்பிப்பு ஆண்டுதோறும், சம்பளம் தாமதமாவதும் நடக்கும். ஆனால் கேஸ் பார்க்கும் அனுபவத்துக்கு இவற்றை மிஞ்சிய இடம் இல்லை. இரண்டாண்டு நம்பிக்கை மையத்தில் உட்கார்ந்தவரிடம் இருக்கும் நிதானம் எந்தப் பாடப் புத்தகத்திலும் வராது.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு. 1794-லிருந்து இயங்கும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, 1984-ல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப், தற்கொலைத் தடுப்புக்காக 1986-ல் தொடங்கிய சிநேகா, வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காக 1993-ல் தொடங்கிய பான்யன், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். ஒரே நகரத்தைச் சுற்றி இத்தனை அமைந்திருப்பது நாட்டில் அபூர்வம்.

பள்ளி, கல்லூரி ஆலோசகர் பணிக்கு உச்ச நீதிமன்றத்தின் 2025 தீர்ப்பு ஒரு தள்ளு கொடுத்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது. தீர்ப்பின் வாசகத்தைக் கவனியுங்கள்: ஆலோசகர், உளவியலாளர், அல்லது சமூகப் பணியாளர், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்றதைக் காட்டக்கூடியவராக இருக்க வேண்டும். இந்த வேலை எம்.எஸ்.டபிள்யூ. படித்தவருக்கும் திறந்திருக்கிறது, வெறும் எம்.எஸ்சி. காகிதமும் போதாது. நூறுக்குக் குறைவான மாணவர்கள் உள்ள இடங்கள் வெளியிலுள்ள நிபுணர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டால் போதும். பகுதி நேரமாக நாலைந்து பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆலோசகர் என்ற புது வகை இதிலிருந்து வளரலாம்.

கற்பித்தல்: யு.ஜி.சி. நெட் தேர்வில் உளவியல் தனிப் பாடம். நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 57,700 ரூபாய். அந்த நாற்காலிகள் குறைவு, சுயநிதிப் பிரிவில் கிடைப்பது அதைவிட வெகு குறைவு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு உளவியல் பாடம் உண்டு. அங்கேயும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

நிறுவன உளவியல் படித்துவிட்டு மனிதவளத் துறைக்குப் போகிறவர்கள் எம்.பி.ஏ. படித்தவர்களோடு மோத வேண்டும். புள்ளியியலும் சோதனை வடிவமைப்பும் கைவந்தவருக்குத்தான் அங்கே தனி மதிப்பு. செயலிகளைப் பயன்படுத்துவோர் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஆராயும் வேலையும் இந்தத் திறனைத்தான் கேட்கிறது.

## ஒரு துறையை எடைபோடுவது எப்படி

நாக் என்னும் தேசிய அமைப்பு தரும் தர மதிப்பீடு கல்லூரி முழுவதற்குமானது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் உளவியலுக்கென்று தனிப் பிரிவே கிடையாது. ஆகவே "ஏ பிளஸ் பிளஸ்" பலகையைப் பார்த்து உளவியல் துறையை முடிவு செய்ய முடியாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை இவை:

1. ஆய்வகம். இறுதியாண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். நீளத்தில் கண்ணை ஏமாற்றும் முல்லர்-லையர் கோடுகள், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவது, நினைவுச் சோதனை எல்லாம் இருக்கும். பார்க்க வேண்டியது தலைப்புகளை அல்ல, "முடிவும் விவாதமும்" பகுதியை. இருபது மாணவர்களின் நோட்டில் ஒரே வாக்கியம் இருந்தால் சோதனை நடக்கவில்லை, கரும்பலகை நடந்திருக்கிறது. பினே-காமத் போன்ற நுண்ணறிவுச் சோதனைகள் அசல் கருவியாக இருக்கின்றனவா, ஜெராக்ஸா என்றும் பாருங்கள்.

2. புள்ளியியலை யார் எடுக்கிறார்கள்? கணிதத் துறையிலிருந்து யாரோ வந்து எடுத்துவிட்டுப் போகிறார்கள் என்றால், டி-டெஸ்ட் சூத்திரம் தெரியும், அதை எப்போது போடுவது என்று தெரியாது. உளவியலில் பாதி மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இது. "கணக்கு பிடிக்காது, அதனால் சைக்காலஜி" என்று வருகிறவர்களை எச்சரித்தே ஆக வேண்டும்.

3. ஆசிரியர்களில் எத்தனை பேர் வாரத்தில் ஒரு நாளாவது நோயாளிகளையோ மாணவர்களையோ ஆலோசனைக்குப் பார்க்கிறார்கள்? முதுநிலைக்கு இது இன்னும் முக்கியம்.

4. இன்டர்ன்ஷிப் எங்கே, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை? பதினைந்து நாள் ஆன்லைன் இன்டர்ன்ஷிப், கட்டணம் கட்டினால் சான்றிதழ் என்பது இப்போது பெரிய வியாபாரம். அதில் பத்து சேர்த்தாலும் ஒரு நல்ல மருத்துவமனையில் ஒரு மாதம் உட்கார்ந்ததற்கு ஈடாகாது. துறைக்கும் மருத்துவமனைக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்மொழி பதில் வேண்டாம், போன ஆண்டு போன மாணவர்களிடம் பேசுங்கள்.

5. "100 சதவீத பிளேஸ்மென்ட்" என்றால் எங்கே என்று கேளுங்கள். கால் சென்டரும் கணக்கில் வரும். மூன்று ஆண்டுக்கு முன் முடித்த ஐந்து பேர் இப்போது என்ன செய்கிறார்கள் என்பது அதைவிட நல்ல அளவுகோல்.

6. தமிழில் வேலை செய்யப் பழக்குகிறார்களா? பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. வருகிறவர் "நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஒரு மாதிரி இருக்கு" என்பார். அதைக் கேட்டு, அறிகுறியாகப் பிரித்து, அவருக்கே திரும்பத் தமிழில் விளக்கத் தெரிய வேண்டும். தமிழ்வழியில் படித்து வரும் மாணவர்களுக்கு இது உண்மையான பலம். பெரும்பாலான துறைகள் அதைப் பலவீனமாகவே நடத்துகின்றன.

பி.ஏ.வா பி.எஸ்சி.யா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முதுநிலைச் சேர்க்கைக்கும் நெட் தேர்வுக்கும் அது பெரிய விஷயமே அல்ல.

## காலமும் பணமும்

மருத்துவ உளவியலாளர் ஆக, பழைய வழியில் இளநிலை மூன்று, முதுநிலை இரண்டு, எம்.பில். இரண்டு: மொத்தம் ஏழு ஆண்டு. மனநல மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று: எட்டரை ஆண்டு. காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சம்பளத்திலும் வேலை உறுதியிலும் நிறைய இருக்கிறது. இதை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை.

எம்.பில். வழியில் முதுநிலையில் குறைந்தது 55 சதவீதம் வேண்டும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50), நுழைவுத் தேர்வும் உண்டு, ஒரு மையத்தில் இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். எம்.எஸ்சி. முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. ஆகவே திட்டம் போடும்போதே இரண்டாவது வழியையும் வைத்திருக்க வேண்டும்: இடம் கிடைக்காவிட்டால் பள்ளி ஆலோசனையா, ஆராய்ச்சியா, நெட் தேர்வா என்று. முதுநிலை இரண்டாம் ஆண்டின் ஆய்வேட்டுத் தலைப்பை அந்த இரண்டாவது வழிக்கு உதவுவதாகத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

வீட்டில் ஏழாண்டு தாங்க முடியாது என்றால் பி.எஸ்சி.க்குப் பதிலாக வேறு இளநிலை படித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. போவதும் மோசமான யோசனை அல்ல. அரசுத் திட்டங்களின் ஆலோசகர் பணிகளில் இரண்டு பட்டமும் பக்கத்தில் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கும்.

## வெளிநாடு?

சுருக்கமாக: இந்திய பி.எஸ்சி.யோடு போய் அமெரிக்காவில் உளவியலாளர் ஆக முடியாது. அங்கே உரிமத்துக்கு வழக்கமாக முனைவர் பட்டமும் தேர்வும் வேண்டும். பிரிட்டனில் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்பது சட்டம் பாதுகாக்கும் பெயர், அரசின் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு வேண்டும். அங்கே ஓராண்டு எம்.எஸ்சி. படித்துவிட்டு வந்தால் அங்கேயும் உரிமம் இல்லை, இங்கேயும் ஆர்.சி.ஐ. பதிவு தானாக வராது. கடன் வாங்கிப் போகும் முன் இதை இரண்டு முறை படியுங்கள்.

## தொலைதூரத்தில் படித்தவர்கள் நிலை

2025 தடை புதிய சேர்க்கைக்கானது. அதற்கு முன் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் சேர்ந்து படித்துக்கொண்டிருப்பவர்களின் பட்டமும், ஏற்கெனவே முடித்தவர்களின் பட்டமும் இதனால் செல்லாமல் போகவில்லை. பல பாடங்கள் சேர்ந்த பி.ஏ. படிப்பாக இருந்தால், உளவியல் பிரிவு மட்டும்தான் நிறுத்தப்படும்.

வேலைக்குப் போய்க்கொண்டே, பிள்ளை வளர்த்துக்கொண்டே, இக்னோ போன்ற இடங்களில் எம்.ஏ. சைக்காலஜி முடித்தவர்கள் ஏராளம். நாற்பது வயதில் இந்தத் துறைக்கு வந்த பெண்களுக்கு இருந்த ஒரே கதவு அது. தடையால் உண்மையில் அடிபட்டது அவர்கள்தான். பயிற்சி இல்லாமல் பட்டம் கொடுப்பது தவறு என்பது சரி. மாலைநேரக் கல்லூரி, வார இறுதி மருத்துவமனைப் பயிற்சி என்று மாற்றுவழி எதையும் ஏற்பாடு செய்யாமல் மூடியது சரியில்லை.

அவர்கள் இப்போது செய்யக்கூடியது: பட்டச் சான்றிதழோடு, சேர்ந்த ஆண்டையும் அந்த ஆண்டில் நிறுவனத்துக்கு இருந்த தொலைதூரக் கல்வி அங்கீகாரத்தையும் காட்டும் ஆவணங்களை எடுத்துவைத்துக்கொள்வது, செய்த பயிற்சியின் மணிக்கணக்கை மேற்பார்வையாளர் கையெழுத்தோடு பதிவு செய்துகொள்வது. 2021 சட்டத்தின்கீழ் மாநிலக் கவுன்சில்கள் பதிவேட்டைத் திறக்கும்போது, பழைய பட்டதாரிகளிடம் கேட்கப்படக்கூடிய காகிதங்கள் இவைதான்.